கிளிப்புக்கு அடியில் இருக்கும் துரு

அருப்புக்கோட்டைப் பக்கம் பழைய கார் பார்க்கப் போனால் தரகர் முதலில் எடுத்துவிடுவது இதைத்தான்: "நம்ம ஏரியா வண்டி சார், துருங்கிற பேச்சே கிடையாது." சொல்லிக்கொண்டே பானட்டைத் திறப்பார், கதவின் அடி ஓரத்தைத் தட்டிக் காட்டுவார். அவர் சொல்வது பொய்யில்லை. ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ வருஷக்கணக்கில் ஓடிய மாருதி 800 என்றால் கதவுக்கு அடியில் விரலை வைத்தாலே தகடு உதிரும். அதே வயசு வண்டி இங்கே வெயிலில் பெயின்ட் வெளுத்து நிற்கும், அவ்வளவுதான். ஆனால் கதவில் பிடித்த துருவால் போவது தோற்றம் மட்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட துரு வண்டிக்கு அடியில் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரில் இருந்து பின்சக்கரம் வரை, பாடியை ஒட்டி, பெட்ரோல் டேங்க்கின் ஓரமாக வளைந்து போகிறதே பிரேக் பைப், அதில். அதைத் தரகர் காட்ட மாட்டார். அநேகமாக அவருக்கும் தெரியாது.

அந்தப் பைப்பின் வெளிக் குறுக்களவு 4.75 மில்லிமீட்டர். பழைய அங்குலக் கணக்கில் 3/16. இத்தனை ஒல்லியான குழாய் தாங்கும் அழுத்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். காலால் பெடலை 30 கிலோ விசையோடு மிதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது ஐந்து மடங்காக்கி 150 கிலோவை மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்குக் கொடுக்கிறது. பிஸ்டனின் குறுக்களவு 20 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு மூன்று சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, பிரேக் ஆயிலில் ஏறும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 48 கிலோ. பூஸ்டர் வைத்த வண்டியில், மாடு குறுக்கே வந்து ஏறி மிதித்தால், இது 100 கிலோவைத் தொடும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு கிலோ சொச்சம்தான். மூடிய திரவத்தில் ஓர் இடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிப்படி, அந்த 100 கிலோவும் பைப்பின் ஒவ்வோர் அங்குலத்திலும் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

சுவரின் கனமோ 0.7 மில்லிமீட்டர். இது போதுமா என்றால், தாராளமாகப் போதும். 1920களில் டெட்ராய்டில் ஹாரி பண்டி என்பவர் உருவாக்கிய முறைப்படி, மெல்லிய எஃகுப் பட்டையை இரண்டு சுற்றாகச் சுருட்டி, நடுவில் செம்பை உருக்கிப் பற்றவைத்துச் செய்யும் குழாய் இது. 100 கிலோ அழுத்தத்தில் அந்தச் சுவரில் விழும் இழுவிசை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2.4 கிலோ வரும். இந்த எஃகு அறுந்துபோக 30 கிலோவாவது வேண்டும். அதாவது பன்னிரண்டு மடங்கு கையிருப்பு.

ஆபத்தும் இந்தக் கையிருப்பில்தான் இருக்கிறது. துரு சுவரைத் தின்று பாதியாக்கினால் பெடலில் ஏதாவது தெரியுமா? தெரியாது. முக்கால்வாசி போனால்? அப்போதும் தெரியாது. 0.7 மில்லிமீட்டர் 0.05 ஆகச் சுருங்கி, பதினான்கு பங்கில் பதிமூன்று பங்கு காணாமல் போன பிறகும், திருச்சுழி ரோட்டில் சாவகாசமாக மிதிக்கும்போது ஆயிலில் ஏறும் 30 கிலோ அழுத்தத்தில் சுவரின் இழுவிசை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 கிலோதான், பைப் தாங்கும். மாடு குறுக்கே வரும் அன்றைக்கு ஏறி மிதித்தால் அது 33 கிலோவாகும், பைப் கிழியும். தினசரி ஓட்டத்தில் ஒரு புகாரும் சொல்லாத பைப், அதிகமாகத் தேவைப்படுகிற அந்த ஒரே மிதியில் கைவிடுகிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று விபத்துக்குப் பிறகு சொல்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். நிஜத் துரு இந்தக் கணக்கைப் போல ஒரே சீராகத் தின்னாது, குழி குழியாகத் தின்னும். அதனால் சில வண்டிகளில் முதலில் ஊசித்துளை விழுந்து ஆயில் கசியும். ரிசர்வாயரில் அளவு குறையும். அது அதிர்ஷ்டசாலிகளுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

பனி கொட்டும் நாடுகளில் இது ஊரறிந்த தொல்லை. ரோட்டில் பனி உறையாமலிருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அது காருக்கு அடியில் அப்பிக்கொள்கிறது. 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப், எஸ்.யூ.வி. வண்டிகளில் பிரேக் பைப் துருவைப் பற்றி அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் பல ஆண்டுகள் விசாரித்தது. 2015இல், வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடாமல், அடிப்பாகத்தைக் கழுவுங்கள், பைப்பைப் பரிசோதியுங்கள் என்ற அறிவுரையோடு கோப்பை மூடியது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டில் பனியும் இல்லை, உப்புக் கொட்டும் ஆளும் இல்லை. அப்படியிருக்க இங்கே பைப் ஏன் துருப்பிடிக்கிறது?

விடையின் ஒரு பகுதி திருச்சுழிக்கு வடகிழக்கே, காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், துருவையே ஒரு துறையாக எடுத்துக்கொண்டு வேலை செய்யும் இடம். வெவ்வேறு ஊர்களில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் நிறுத்தி, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் எடுத்து எடைபோட்டு, எந்த ஊர்க் காற்று எவ்வளவு இரும்பைத் தின்கிறது என்று அளந்து, இந்தியாவுக்கு அரிமான வரைபடம் போட்டவர்கள் அங்குள்ளவர்கள். கடலை ஒட்டிய மண்டபத்தில் தகடு வேகமாகக் கரையும். உள்நாட்டுக்கு வர வர வேகம் சட்டென்று குறையும். தரகர் சொல்வது இந்த வரைபடத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் அது திறந்தவெளியில், மழையில் நனைந்து வெயிலில் காயும் சுத்தமான தகட்டின் கதை. வண்டியின் அடிவயிற்றில் வெயிலும் படாது, மழையும் கழுவாது.

துரு விஷயத்தில் வருஷத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்பது பெரிய கேள்வி இல்லை. அந்த இடம் எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது, அந்த ஈரத்தில் என்ன கரைந்திருக்கிறது, இவை இரண்டும்தான் கணக்கு. 1930களில் இங்கிலாந்தில் வெர்னான் என்ற வேதியியலாளர் காட்டிய உண்மை இது: காற்றில் ஈரப்பதம் ஓர் அளவைத் தாண்டும் வரை இரும்பு ஏறக்குறைய சும்மா கிடக்கிறது, தாண்டியதும் துரு பாய்கிறது. அந்த வரம்பு எங்கே என்பதை இரும்பின் மேல் படிந்திருக்கும் அழுக்கு தீர்மானிக்கிறது.

நம்மூர் அழுக்கைப் பார்ப்போம். முதலாவது கரிசல் மண். ஐப்பசியில் கண்மாய்க் கரைப் பாதையில் ஒரு தடவை போய்வந்தாலே சக்கர வளைவுக்குள் சேறு ஏறி, பைப்புக்கும் பாடிக்கும் நடுவில் சுளுக்குக்குப் பற்றுப் போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். செம்மண் காய்ந்தால் உதிரும். கரிசலில் இருக்கும் நுண்ணிய களி தண்ணீரைத் தன் அடுக்குகளுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். மேலே வெடித்துக் காய்ந்த பிறகும் உள்ளே, பைப்பைத் தொடும் பக்கம், நாள்கணக்கில் ஈரம் நிற்கும்.

இரண்டாவது, அந்தச் சேற்றைக் கழுவ நாம் பயன்படுத்தும் தண்ணீர். இந்தப் பக்கம் பல ஊர்களில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். குழாயில் வரும் நல்ல தண்ணீர் குடிக்கவே போதாது. அதை வண்டி மேல் ஊற்ற யாருக்கும் மனசு வராது. ஆகவே போர் தண்ணீரை அடிக்கிறோம். பாடியைத் துணியால் துடைத்துவிடுகிறோம், அடிப்பாகத்தைத் துடைப்பதில்லை. தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் தங்குகிறது. சாப்பாட்டு உப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் அது கசிந்து நீராகும். நிலத்தடி நீரில் அதோடு மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் கலந்திருக்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீத ஈரப்பதம் போதும், கால்சியம் குளோரைடுக்கு அதைவிடக் குறைவு. அருப்புக்கோட்டையில் ஆவணி மாதத்து ராத்திரிக் காற்றில் அதைவிட எவ்வளவோ அதிக ஈரம் உண்டு. கொடியில் போட்ட வேட்டி மொறமொறவென்று காய்ந்து தொங்கும் அதே ராத்திரியில், வண்டிக்கடியில் உப்புப் படிந்த பைப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று வாராவாரம் உப்புத் தண்ணீரில் கழுவுகிறவர் வண்டியைவிட, மழையில் மட்டும் நனையும் வண்டியின் பைப் நன்றாக இருந்தால் ஆச்சரியமில்லை.

தூத்துக்குடி அளத்து உப்பை ஏற்றிக்கொண்டு மதுரைப் பக்கம் போகும் லாரிகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வெளியூரில் இருந்து கைமாறி வந்த வண்டிகளையும். நம்பர் இங்கத்தியதாக இருக்கும். வண்டி இளமைக் காலத்தைக் கடற்கரையில் கழித்திருக்கும்.

பைப்பை எங்கே பார்ப்பது? ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்க்கும் பலரும் வெளியே தெரியும் நீளத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாக எழுந்துவிடுவார்கள். பார்க்க வேண்டியது கிளிப்புகளை. பைப்பைப் பாடியோடு பிடித்திருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் அல்லது தகட்டுக் கிளிப்பை நிமிண்டி எடுத்தால், இரண்டு பக்கமும் பச்சையோ கறுப்போ பூச்சு மின்னும் பைப், கிளிப் இருந்த அந்த ஓர் அங்குலத்தில் மட்டும் உப்பிப்போய், பழுப்பு அடுக்கடுக்காக இருக்கும். இரும்பைவிடத் துருவுக்குப் பருமன் அதிகம். ஆகவே தேய்ந்த இடம் தடித்துத் தெரியும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகச் சுரண்டினால் செதில் கழன்று, உள்ளே ஒல்லியாகிப் போன குழாய் தெரியும். ஓங்கிச் சுரண்டக் கூடாது. அங்கேயே ஆயில் பீறிடவும் செய்யும். அப்புறம் வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது.

காற்றுப் படாத, மூடிய இடத்தில் எப்படித் துரு அதிகம்? கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் 1920களில் செய்த சோதனை இதற்குப் பதில். இரும்புத் தகட்டின் மேல் ஒரே ஒரு சொட்டு உப்பு நீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள்: இரும்பு கரைந்தால் நீலம் காட்டுவது ஒன்று, காரம் உண்டானால் இளஞ்சிவப்பு காட்டுவது ஒன்று. கொஞ்ச நேரத்தில் சொட்டின் நடுவில் நீலம் பரவுகிறது, ஓரத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம். ஓரத்தில் காற்று எளிதாகக் கரைகிறது. நடுவுக்கு ஆக்சிஜன் வந்துசேர நேரமாகிறது. ஆக்சிஜன் நிறைந்த ஓரம் ஒரு மின்முனை, குறைந்த நடுப்பகுதி எதிர்முனை. கரைவது ஆக்சிஜன் குறைந்த இடத்து இரும்பு. கிளிப்புக்கு அடியில் நடப்பதும் இதுதான். மேலும் ஒரு படி போய், உள்ளே கரையும் இரும்பு குளோரைடை வெளியிலிருந்து இழுக்கிறது, தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது, அமிலம் இன்னும் இரும்பைக் கரைக்கிறது. ஒருமுறை தொடங்கிவிட்டால் அதற்கு வெளி உதவி தேவையில்லை. ஆகக்கூடி ஈரமும் உப்பும் ஆக்சிஜன் தட்டுப்பாடும் சேர்ந்த சின்னச் சின்ன இடங்கள்தான் குற்றவாளி; ஊரின் வறட்சி அங்கே எட்டுவதில்லை.

உள்பக்கமும் சும்மா இல்லை. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெய் அல்ல. கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. டாட் 3 வகைத் திரவம் புதிதாக 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 140 டிகிரி வரை இறங்கலாம். அருப்புக்கோட்டை சமவெளியில் இது உறைக்காது, கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது உறைக்கும். கொதித்த ஆயில் ஆவியாகி, பெடல் பஞ்சாகும். துருத்தடுப்பு மருந்துகளும் ஆயிலில் வருஷம் ஆக ஆகத் தீர்ந்துபோகும். அப்போது பைப்பின் உள்சுவரில் உள்ள செம்பு கரையத் தொடங்கும். ஆயிலில் இருக்கும் செம்பின் அளவை வைத்து அதன் வயசைச் சொல்லும் சோதனைத் தாள்கள்கூட உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது கம்பெனிக்காரர்களின் வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்கள், ரிசர்வாயரில் இருப்பது தேன் நிறத்தில் இருக்கிறதா டீ நிறத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கலாம்.

சரி, துருப்பிடித்த பைப்பை வீட்டிலேயே மாற்றலாமா? ஸ்பேனர் பிடித்துப் பழகியவர், கூட ஓர் ஆள், அவசரம் இல்லாத ஒரு நாள், இந்த மூன்றும் இருந்தால் மாற்றலாம். ஒன்று குறைந்தாலும் பட்டறைக்குப் போவது மேல். பட்டறையிலும் ஒன்றைக் கேட்டுவாங்க வேண்டியிருக்கிறது: துண்டு போடாதீர்கள், யூனியன் முதல் யூனியன் வரை, அதாவது ஒரு முனை இணைப்பிலிருந்து மறுமுனை இணைப்பு வரை, முழுசாக மாற்றுங்கள் என்று. கசிந்த இடத்தை வெட்டி நடுவில் ஒரு ஜாயின்ட் வைப்பதும், ரப்பர் ஹோஸை மாட்டி கிளாம்ப் போடுவதும் நடக்காத காரியமில்லை. முதலாவது, அடுத்த கிளிப்பில் காத்திருக்கும் துருவை அப்படியே விடுகிறது. இரண்டாவது, 100 கிலோ அழுத்தத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய செம்புக் குழாயும் வேண்டாம். அந்த அழுத்தத்துக்கென்று செய்ததல்ல, தூய செம்பு அதிர அதிர இறுகி விரிசல் விடும். பூச்சுப் போட்ட எஃகு பிரேக் பைப் போதும். கிடைத்தால், செம்பில் பத்து சதவீதம் நிக்கல் கலந்த குழாய் உத்தமம். கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்கு இந்த உலோகம்தான். 1976இலிருந்து வால்வோ தன் கார்களின் பிரேக்கில் போட்டது. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும்.

வண்டியைத் தூக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கரிசல் தரையில் ஜாக்கி நிற்காது. காய்ந்திருந்தால் வெடிப்பில் சாயும், ஈரமாக இருந்தால் அமிழும். சிமென்ட் தளத்தில் நிறுத்தி, ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல் அடுக்குவது பலருக்கும் பழக்கம். பாரம் ஒரு முனையில் விழுந்தால் செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

பழைய யூனியன் நட்டு லேசில் வராது. முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுவார்கள். சாதா ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் பிளேர் நட் ஸ்பேனர் வேண்டும். அப்படியும் நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொண்டால், எப்படியும் தூக்கியெறியப்போகும் பைப்தானே, ஆக்சா பிளேடால் அறுத்துவிட்டு நட்டின் மேல் பாக்ஸ் ஸ்பேனரை இறக்கலாம்.

புது நட்டு வாங்கும்போது மரை பார்க்க வேண்டும். மாருதியில் மில்லிமீட்டர் மரை. மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த பழைய அம்பாசடரில் அங்குல மரை. 10 மில்லிமீட்டர் நட்டுக்கான துளையில் 3/8 அங்குல நட்டு கொஞ்சம் லொடலொடவென்று உள்ளே போய், இறுகுவது போலவும் காட்டும். பழசைக் கையில் எடுத்துக்கொண்டு போவதே வழி.

வேலையின் உயிர்நிலை பிளேர். பைப்பின் நுனியைக் குடை போல விரித்து, அதையே உள்ளே மடித்து இரட்டைச் சுவராக்குவது. கட்டரால் நேராக வெட்டி, உள்ளும் வெளியும் பிசிறு நீக்கி, நட்டை முதலில் கோத்துவிட்டு (இதை மறந்து பிளேர் அடித்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு), பைப்பைச் சரியான அளவு நீட்டி வைத்து அச்சில் இறுக்கி, முதல் டையை அழுத்தினால் நுனி குமிழாகும். டையை எடுத்துவிட்டுக் கூம்பை அழுத்தினால் குமிழ் உள்ளே மடங்கி 45 டிகிரிச் சரிவாகும். வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். வட்டம் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம் என்றால் வெட்டு கோணல். மடிப்பில் தலைமுடி அளவு விரிசல் தெரிந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி. சில வண்டிகளில் இந்தச் சரிவுக்குப் பதில் குமிழ் வடிவத்திலேயே நிறுத்திவிட்ட பிளேர் இருக்கும். பழைய பைப்பின் முனையைப் பார்த்து அதே வகையைத்தான் அடிக்க வேண்டும், ஒன்றின் இடத்தில் மற்றது அமராது. மெக்கானிக்குகள் நல்ல பைப்பில் கை வைக்கும் முன் வேஸ்ட் துண்டில் இரண்டு மூன்று அடித்துப் பார்ப்பது கை பழகத்தான்.

பிறகு பழைய பைப்பை மாதிரியாகத் தரையில் வைத்து வளைத்து, பழைய பாதையிலேயே கிளிப்பில் கோத்து, சைலன்ஸருக்கும் ஸ்பிரிங்குக்கும் எட்டாதபடி விட்டு, ஏர் எடுப்பது, அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பெரும்பாலான வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கும் சக்கரம் முதலில். அடியில் கிடப்பவர் குரல் கொடுப்பார்: "மிதி தம்பி... பிடிச்சுக்க... ம், விடு." சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளை மூடிய பிறகே விடச் சொல்ல வேண்டும், முந்தினால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். ரிசர்வாயர் காலியானால் முதலிலிருந்து. புதிதாக உடைத்த டப்பா ஆயில்தான் ஊற்ற வேண்டும். அலமாரியில் பாதி மிச்சமிருந்தது ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கும். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுக் கலந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும். பிரேக் ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும்.

கடைசியில், எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிஷம் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு யூனியனையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்ப்பது. ரோட்டில் வரப்போகும் அவசர மிதியை வீட்டிலேயே வரவழைத்துப் பார்க்கும் சோதனை இது. காகிதத்தில் ஈரம் தெரிந்தால் நட்டை இன்னும் ஒரு திருகு இறுக்கத்தான் கை போகும். இறுக்கினால் பிளேர் நசுங்கும், கசிவு நிற்காது. கழற்றி, பிளேரைப் பார்த்து, வெட்டி, புதிதாக அடிக்க வேண்டும். அதற்காகத்தான் பைப்பை வாங்கும்போது அரையடி கூடுதலாக வாங்குவது.